கருவாட்டுக்கு வந்த புகார்

(வெனிஸ் நகரில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடி. எழுபது வயது மரீசா, விறகுக்கட்டை போன்ற ஒரு மீனைச் சமையலறை மேசையில் கிடத்தி, மரச்சுத்தியலால் விளாசிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் மாடியிலிருந்து எத்தோரே ஏறி வருகிறார். பார்மாவில் பிறந்தவர், ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர். இரவுப் பணி முடிந்து படுத்தவர், தலையணை உறையின் கோடு கன்னத்தில் பதிந்திருக்க வாசலில் நிற்கிறார்.)

எத்தோரே: அம்மா, காலை எட்டு மணிக்கு வீட்டை இடிப்பதற்கு நகராட்சியில் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? என் கட்டிலின் மேல் காரை உதிர்கிறது.

மரீசா: இடிக்கவில்லை, தம்பி. பக்காலா செய்யப்போகிறேன். அடித்தால்தான் நார் பிரியும். நார் பிரிந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும்.

எத்தோரே: மற்ற ஊர்களில் பக்காலா என்றால் உப்பிலிட்ட காட் மீன், அது அடி வாங்காமலேயே ஊறிவிடும். நீங்கள் அடித்துக்கொண்டிருப்பது உப்பே படாத கருவாடு. அதற்கு ஸ்டோக்காஃபிஸ்ஸோ என்று பெயர்.

மரீசா: மற்ற ஊர்க்காரர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் அழைக்கட்டும், வெனிஸில் இதுதான் பக்காலா. பியெத்ரோ குவேரினியைத் தெரியுமா உங்களுக்கு?

எத்தோரே: எந்த மாடியில் இருக்கிறார்? அவரும் சுத்தியல் வைத்திருக்கிறாரா?

மரீசா: 1431-ஆம் ஆண்டு கிரீட் தீவிலிருந்து மால்வாசியா ஒயினை ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸுக்குப் புறப்பட்ட எங்கள் ஊர்க் கப்பல்தலைவர் அவர். புயலில் கப்பலையும் ஆட்களில் பெரும்பாலோரையும் இழந்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நார்வேயின் ரோஸ்ட் தீவருகே கரை ஒதுங்கினார். அங்கிருந்தவர்கள் காட் மீனைக் குளிர்காற்றில் கட்டையாகும்வரை காயவிட்டு, சாப்பிடும்போது கோடரியின் பின்பக்கத்தால் அடித்து நாராக்கினார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே உங்கள் புகார் ஏறத்தாழ 600 ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

எத்தோரே: ஒயினோடு போனவர் கருவாட்டோடு திரும்பினாரா? அவரை மாலை போட்டா வரவேற்றீர்கள்?

மரீசா: உயிரோடு திரும்பினாரே, அது போதாதா?

எத்தோரே: எங்கள் பார்மாவிலும்தான் காயவைக்கிறோம், என்றாவது சத்தம் கேட்டதுண்டா? பன்றித்தொடை, கடலுப்பு, மலைக்காற்று, பொறுமை, இவ்வளவுதான் எங்கள் ப்ரொஷூட்டோ. குறைந்தது 14 மாதம் ஆனபிறகு, குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையில் சில இடங்களில் குத்தி எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். அந்த எலும்பு வாசத்தை உடனே பிடித்துக்கொள்ளும். அடுத்த குத்துக்குள் விட்டுவிடும். ஊசி குத்தும் ஓசைக்கு யாராவது விழித்ததுண்டா?

மரீசா: 14 மாதம் காத்திருக்கப் பழகியவருக்கு இன்னும் 14 நிமிடம் பொறுக்க முடியாதா?

(சுத்தியல் மறுபடியும் இறங்குகிறது. எத்தோரேயும் படியிறங்குகிறார்.)

(மூன்று நாள் கழிகிறது. கருவாடு மீனாகாது என்ற பழமொழி இந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை. வேளைக்கு வேளை தண்ணீர் மாற்றியதில் அந்தக் கட்டை வெள்ளைவெளேரென்று உப்பிவிட்டது. அதன் வாடை மட்டும் தனியே படியிறங்கி, எல்லா வீட்டையும் விசாரித்துவிட்டு வந்தது. இப்போது வெந்து, தோலும் முள்ளும் நீங்கிச் சட்டியில் கிடக்கிறது. எத்தோரே கையில் ஒரு காகிதப் பொட்டலத்துடன் வருகிறார்.)

எத்தோரே: சமாதானத்துக்கு வந்திருக்கிறேன். பார்மாவிலிருந்து அண்ணன் அனுப்பிய ப்ரொஷூட்டோ; கண்ணாடித் தாள்போல் மெல்லியதாகச் சீவியிருக்கிறது. பதிலுக்கு நாளை காலை மட்டும் என்னைத் தூங்கவிடுங்கள்.

மரீசா: உள்ளே வாருங்கள். கையில் வேலை இல்லைதானே? இந்த மரக்கரண்டியைப் பிடியுங்கள். நான் ஆலிவ் எண்ணெயை நூல்போல விடுகிறேன். நீங்கள் ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே இருங்கள். மீனும் எண்ணெயும் ஒன்றாகி, வெண்ணெய்போல் திரண்டு வரும்வரை நிறுத்தக்கூடாது.

எத்தோரே: (கால் மணி நேரம் கழித்து, தோளைப் பிடித்துக்கொண்டு) விசென்ஸாக்காரர்கள் இதே மீனை வெங்காயத்தோடும் பாலோடும் அடுப்பில் ஏற்றிவிட்டு, நாலைந்து மணி நேரம் கிளறாமலேயே விட்டுவிடுவார்களாமே?

மரீசா: அவர்களுக்குக் கை வலிக்கும், பாவம். அது கிடக்கட்டும், இந்த ப்ரொஷூட்டோவை மீன்துண்டின் மேல் சுற்றி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் எப்படியிருக்கும்?

எத்தோரே: (கரண்டியை உயர்த்தியபடி) 14 மாதம் காற்று மட்டுமே தொட்ட இறைச்சியை எண்ணெயில் போடுவதா? எங்கள் ஊரில் இதைக் காதால் கேட்டாலே அபராதம் விதிப்பார்கள்!

மரீசா: சும்மா கேட்டேன். அடியுங்கள், அடியுங்கள். வறுத்த மக்காச்சோளக் களியான பொலெண்டாத் துண்டின் மேல் இதை ஒரு கரண்டி வைத்துத் தருகிறேன், வலியெல்லாம் பறந்துவிடும்.

எத்தோரே: (இன்னும் ஐந்து நிமிடம் அடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி) அம்மா, இதில் இரண்டு கரண்டி பால் ஊற்றினால் சீக்கிரம் திரண்டுவிடாதா?

(அமைதி. மரீசா எண்ணெய்ப் புட்டியை மெதுவாகக் கீழே வைக்கிறார்.)

மரீசா: கரண்டியைக் கொடுங்கள். போய்த் தூங்குங்கள்.

எத்தோரே: ப்ரொஷூட்டோ?

மரீசா: அது இங்கேயே இருக்கட்டும்.