மாம்பழத் தாத்தாவுக்குக் கோட்டு மாட்டியவர்களுக்கு

இரண்டு நாட்களாகக் கிருஷ்ணகிரியின் எல்லா வாட்ஸப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஃபிரிட்ஜ் கடை விளம்பரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பார்க்காதவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அவர்களுக்காக ஒரு வரி: முதலாளியே வந்து பேசும் ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் கேலி செய்ய, மாம்பழம் விற்கும் ஒரு தாத்தாவுக்குக் கோட்டு மாட்டி ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்திப் பேசவைத்திருக்கிறார்கள்.

முதலாளியே கேமரா முன்னால் நின்று பேசும் நகைக்கடை விளம்பரத்தைக் கேலி செய்ததில் எனக்கு ஆட்சேபமே இல்லை. அந்தப் பகுதி நன்றாகவே வந்திருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேலிக்காகப் பேருந்து நிலையத்துக்கு வெளியே மாம்பழம் விற்கும் பெரியவரைப் பிடித்து, தோளில் நிற்காத கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி நிறுத்தியதுதான் உறுத்துகிறது. அவரிடம் பழம் வாங்கியவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பழத்தையும் துண்டின் நுனியால் துடைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவரைப் போல, "நல்ல வூடாப் போய்ச் சேரு தாயீ" என்று சொல்லித்தான் பையில் போடுவார். அது வியாபாரத் தந்திரம் அல்ல, அவருடைய சுபாவம். அதே சொற்களை ஃபிரிட்ஜைத் தடவியபடி சொல்லவைத்து, பின்னணியில் சிரிப்பொலியையும் சேர்த்திருக்கிறார்கள்.

நிறுவனத்தைக் கேலி செய்வது வேறு, மனிதரைக் கேலிப்பொருளாக்குவது வேறு. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் எனர்ஜைசர் பேட்டரி நிறுவனம், போட்டி பேட்டரியான டியூராசெல்லின் விளம்பரத்தில் வரும் மேளம் கொட்டும் முயலை நக்கலடித்துத் தானும் ஒரு முயலை இறக்கியது. அது சமபலம் உள்ள இருவருக்கு இடையிலான சண்டை. வழக்கறிஞர் வைக்க இருவருக்கும் வசதி உண்டு. நம் நாட்டிலும் பதிவுபெற்ற வணிகச் சின்னத்தின் நற்பெயருக்கு எதிராக விளம்பரம் செய்தால் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் கேள்வி கேட்கும். ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நகைக்கடைக்குச் சட்டம் இருக்கிறது, ரஜினிக்கு நீதிமன்றம் இருக்கிறது. மாம்பழத் தாத்தாவின் பாணிக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்களாம். தாராள மனசு!

"அவரே சந்தோஷமாகத்தானே நடித்தார், உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். எங்கள் சின்னம்மாவும் சந்தோஷமாகத்தான் நடித்தார். உள்ளூர் கேபிள் டிவி கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவருடைய கீச்சுக் குரலுக்காகவே ஒரு பாத்திரக்கடை அவரை அழைத்துக் குக்கர் பக்கத்தில் நிறுத்தி, "விசில் வந்துடுச்சு!" என்று கத்தவைத்தது. கூலியாக ஓர் எவர்சில்வர் தூக்கு கொடுத்தார்கள். முதல் வாரம் வீடே கொண்டாடியது. பிறகு தெருப் பிள்ளைகள் அவர் பின்னால் விசிலடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ ஒருவர், "எத்தனை விசிலுக்கு எறக்கணும் குக்கரக்கா?" என்று கேட்க, சின்னம்மா சாம்பார் ஊற்றிய சோற்றைப் பிசைந்தபடியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இலையை மடக்காமல் எழுந்து போனார். அதன்பின் வெளியாட்கள் முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நடிக்கச் சம்மதித்தார் என்பது உண்மைதான். சிரிப்பொலி சேர்த்த படத்தை ஒளிபரப்பும் முன் அவருக்குப் போட்டுக் காட்டியவர் யார்? தாத்தாவுக்குத்தான் யார் போட்டுக் காட்டினார்கள்?

சின்னக் கடைக்காரர்கள் நடிகருக்கு எங்கே போவார்கள் என்பது ஓரளவு நியாயமான கேள்விதான். சாதாரண மனிதர்கள் விளம்பரத்தில் வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1984-இல் அமெரிக்காவின் வெண்டீஸ் பர்கர் விளம்பரத்தில் வந்த கிளாரா பெல்லர், சிகாகோவில் நகம் அழகுபடுத்தும் வேலை பார்த்த பாட்டி. அதில் "இறைச்சி எங்கே?" என்று அதட்டிக் கேட்டவர் பாட்டி, கேலிக்கு ஆளானது இறைச்சியைச் சுருக்கி விற்ற போட்டிக் கடைக்காரன். அப்படி எடுத்தால் கைதட்டலாம். அவரையும் மறு ஆண்டே, வேறொரு நிறுவனத்தின் சாஸ் விளம்பரத்தில் நடித்ததற்காகக் கழற்றிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்பவர்களுக்குப் பதில் இல்லை. இல்லாமலே போகட்டும்.

தெலுங்கும் கன்னடமும் ஊடாடும் நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டுச் சென்னை விடுதியில் என் அறைத் தோழர்கள், "இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், நம்மைத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இங்கே சிரிப்பொலி சேர்த்தவர்கள், அதே பேச்சைப் பேசி அதே ஜனங்களிடம் ஃபிரிட்ஜ் விற்றுப் பிழைப்பவர்கள். இவர்களை என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது?

ஆடித் தள்ளுபடிக்கு அடுத்த விளம்பரம் தயாராகிறது என்று கேள்வி. ஒரு யோசனை சொல்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் தம் மூட்டுவலியை ராகம் போட்டுச் சொல்லும் முதலாளியின் அப்பாவுக்கு இந்த முறை அந்தக் கோட்டை மாட்டுங்கள், சிரிப்பொலியையும் மறக்காமல் சேருங்கள். முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.