இலக்கியத்தைக் கழித்துவிட்டால் அது சீன மொழி அல்ல

சென்ற சனிக்கிழமை ஒரு மேடையில் பேசப்பட்டதை உங்களில் சிலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். “பேசுவதற்கு ஆறு மாதப் பயிற்சி போதும், மற்றதைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும், சீன இலக்கியத்துக்காகக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளை ஏன் தொலைக்க வேண்டும்?” என்று மேடையில் பேசிய பெரியவர் ஒருவர் கேட்டதும் அரங்கில் கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் சீன மொழித் துறையின் மாணவர்கள். அவர்களை எதிரே வைத்துக்கொண்டு எழுந்த அந்தக் கைதட்டலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இலக்கியத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சீன மொழியாக இருக்காது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, கூடுதலாக ஒரு குழாயைப் பொருத்தலாம் என்று நம்மவர்கள் சொன்னதற்கு, சீனத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் நான்கே எழுத்துகளில் பதில் சொன்னார்: ஹுவா ஷே தியான் சூ. மேசையிலிருந்த கைப்பேசி ‘பாம்பு வரைந்து கால் சேர்ப்பது’ என்று காட்டியது. எவருக்கும் எதுவும் விளங்கவில்லை. பாம்பை முதலில் வரைந்து முடிப்பவருக்கே மது என்று போட்டி வைத்தபோது, முந்தி முடித்தவன் நேரம் மிச்சமிருக்கிறதென்று பாம்புக்குக் கால் வரையப்போய் மதுவை இழந்தான் என்பது ஈராயிரம் ஆண்டுப் பழைய கதை. நான் அதைச் சொன்னதும், குழாய் வேண்டாம் என்று ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று. அந்தக் கதையை நான் பேச்சுப் பயிற்சியில் கற்கவில்லை, செவ்வியல் சீனப் பாடத்தில்தான் கற்றேன். சீனர்கள் கடைவீதியிலும் அலுவலகத்திலும் பேசும் அன்றாடப் பேச்சிலேயே இத்தகைய நான்கெழுத்துத் தொடர்கள் வந்துகொண்டே இருக்கும்.

செயலிகள் இப்போது தேறிவிட்டன என்பீர்கள். தேறியிருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவர் தம் பாட்டியிடம் கேட்ட கதையை நம் வாயிலிருந்து கேட்கும்போது அவர் முகத்தில் தோன்றும் நம்பிக்கையை எந்தச் செயலியும் பெற்றுத்தராது.

பகை நாட்டின் இலக்கியம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய-சீன எல்லையிலுள்ள கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்நீத்த 2020 ஜூன் மாதத்தில், எங்கள் தெருவில் ஒருவர் என் தந்தையிடம், “உங்கள் பெண் யார் பக்கம்?” என்று கேட்டார். அடுத்த மாதமே வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையில், 2019 வரைவின் அயல்மொழிப் பட்டியலில் இருந்த சீனத்தின் பெயர் இல்லை. எல்லையில் நிற்கும் ஒரு நாடு தன் அண்டை நாட்டின் மனத்தை அதன் எழுத்திலேயே படித்தறியும் ஆட்களைக் குறைத்துக்கொள்வதால் யாருக்கு நன்மை? தாகூர் 1937இல் சாந்திநிகேதனில், தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞரோடு சேர்ந்து, சீனக் கல்விக்கான சீன பவனத்தைத் திறந்தபோது, மொழியோடு இலக்கியத்தையும் தத்துவத்தையும் சேர்த்தே வைத்தார். தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய காரணம் உண்டு. 1911இல் இலங்கையின் காலி நகரில் மதகு மூடியாகக் கண்டெடுக்கப்பட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அந்தக் கல்லின் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளைப் போற்றுகிறது. செவ்வியல் சீனம் அறியாதவர் அதன் சீனப் பகுதியைப் படிக்க முடியாது.

நான் முதலாண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, எழுத்துப் பயிற்சிக்கு வேண்டிய பெரிய கட்ட நோட்டு எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. கணக்கு நோட்டின் கட்டங்கள் மிகச் சிறியவை. அப்பா கோடில்லாத நோட்டுகளை வாங்கி, இரவில் அடிக்கோலை வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கட்டம் போட்டுத் தந்தார். ஒரு கட்டத்துக்குள் ‘யோங்’ என்ற ஓர் எழுத்தை நூறு முறை எழுதினேன். தூரிகையின் எட்டு அடிப்படை வீச்சுகளும் அந்த ஓர் எழுத்துக்குள் இருக்கின்றன. சனிக்கிழமை எழுந்த கைதட்டல் அப்பாவின் இரவுகளையும் சேர்த்தே வீண் என்றது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்டு ஞாயிறு இரவு எனக்கு எழுதியிருந்தாள். அப்பா கட்டம் போட்ட நோட்டுகளில் எழுதாமல் மீதமிருந்த ஒன்றை நேற்று அவளுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.