ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம்
'ஆறு மாதக் குழந்தையின் இருமலுக்குத் தேனைக் கொதிக்க வைத்து ஒரு சொட்டு நாக்கில் தடவலாம்' என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தானது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். 100 டிகிரி கொதிநிலையில் அவை சாகாது. அழுத்தத்தோடு 121 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும். மலச்சிக்கல், பால் உறிஞ்சத் திணறுதல், அழுகுரல் மெலிதல், இமை தொங்குதல் என்று தொடங்கி மூச்சுத்தசை வரை தளரும். 'ஒரு சொட்டுதானே' என்பதும் சரியல்ல, வித்துகள் கண்ணுக்குத் தெரியாதவை.

ஒரு வயது தாண்டியவர்களுக்கு இருமலுக்குத் தேன் நல்லதுதான்: படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி.

கைக்குழந்தையின் சளி, இருமலுக்கு மூக்கில் விடும் உப்புநீர் போதும். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் முக்கால் தேக்கரண்டி பொடியுப்பு, தலைதட்டி அளந்தது. கூடினால் மூக்கு எரியும். பால் கொடுக்குமுன் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் 2 சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து உறிஞ்சு குமிழால் (சளி உறிஞ்சும் ரப்பர் குமிழ்) சளியை மெதுவாக எடுங்கள். மீதியை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.