தனுஷ்கோடி தண்டவாளம் யாருக்காக?
தனுஷ்கோடி ரயில் பாதை ‘யாத்திரிகர்களுக்காகவே போடப்பட்டது’ என்று தனுஷ்கோடி பற்றிய உங்கள் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. யாத்திரிகர்களுக்காக மட்டும் என்றால் ராமேஸ்வரத்தோடு நிறுத்தியிருப்பார்களே? 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது பாம்பன்தான் ஜங்ஷன். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பாதை, தனுஷ்கோடிக்குத் தனியாக ஒரு பாதை. தனுஷ்கோடி வண்டி போய் நின்றது கப்பல் துறையில். தபாலும் சரக்கும் அங்கே கப்பல் மாறி இலங்கையின் தலைமன்னார் துறைக்குப் போயின. அந்த ரயிலுக்கு ‘போட் மெயில்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களும் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, பிறகு இந்த வழியாகத்தான் கடல் தாண்டினார்கள். எங்கள் அப்பா அந்தத் துறையில் கருவாட்டுச் சிப்பம் தூக்கியவர். ஓலைப் பாயில் கட்டிய சிப்பத்தின் உப்புநீர் முதுகில் வழிந்து புண்ணாகிவிடும் என்பார். கடைசிவரை அந்தத் தழும்பு இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனதை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிப் பாதையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே சுமை தூக்கிப் பிழைத்தவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.