மூன்றில் இரண்டு என்பது யாரில்?

"மூன்று பெண்களில் இரண்டு பேருக்கு அல்சைமர் வரும்" என்று ஒரு பதிவு பரவுகிறது. அல்சைமர் என்பது நினைவாற்றலை மெல்ல மெல்லப் பறிக்கும் மூளை நோய். அந்தப் பதிவு சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் ஏற்கெனவே அல்சைமர் உள்ளவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அந்த எண்தான் எல்லாப் பெண்களுக்கும் உரியதாக மாறிவிட்டது.

அங்கே பிரேமிங்காம் என்ற ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின்படி, 45 வயதுப் பெண்ணுக்கு வாழ்நாளில் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆணுக்குப் பத்தில் ஒன்று. வயது ஏற ஏற வரும் நோய் இது. பெண்கள் அதிக காலம் வாழ்வது இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம். ஆக, பெண்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. அந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஓர் அறிக்கையை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. 2024 அறிக்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள நோயாளிகள் 69 லட்சம் பேர்; அதில் பெண்கள் 42 லட்சம், ஆண்கள் 27 லட்சம். 42-ஐ 69-ஆல் வகுத்துப் பாருங்கள், 60 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். அதைத்தான் ஏறத்தாழ மூன்றில் இரண்டு என்கிறார்கள். வகுக்கும் எண் நோயாளிகளின் மொத்தம், பெண்களின் மொத்தம் அல்ல.

அந்தப் பதிவை வீட்டுக் குழுவில் அம்மாவுக்கும் அத்தைக்கும் அனுப்பியவர்கள், தயவுசெய்து இதையும் அனுப்பிவிடுங்கள். பாவம், பயந்து போயிருப்பார்கள்.