எம்பிரா தூக்க மாத்திரை இல்லைங்க

ஞாயித்துக்கிழமை ஒரு 'ஹீலிங்' வகுப்பு விளம்பரத்துக்குக் கீழே ஒரு கூத்து நடந்துச்சு. எம்பிரான்னா மரப்பலகையில உலோகத் தகடுகளைப் பொருத்தி விரலால மீட்டுற ஆப்பிரிக்க வாத்தியம். ஸ்டெல்லா சிவேஷேங்கிற கலைஞர் வாசிச்ச எம்பிராவைப் பின்னணியில ஓடவிட்டு, 'ஆழ்மன அமைதிக்கு ஆப்பிரிக்க ஒலி'ன்னு தலைப்பு. "வாசிச்சவங்க பேரைப் போடுங்களேன்"னு மட்டும்தான் கேட்டேன். "இசைக்கு ஏது சார் பேரும் ஊரும்?"னு பதில். பணம் கட்டுற இடத்துல மட்டும் வகுப்பு நடத்துறவங்க பேரு, ஊரு, வங்கிக் கணக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கு.

சிவேஷேவுக்கு ஊர் ஜிம்பாப்வே. 1946ல பிறந்தவர், 2023 ஜனவரியில காலமானார். பொம்பளைக்கு எம்பிரா சொல்லித்தர மாட்டோம்னவங்ககிட்ட அடம்பிடிச்சுக் கத்துக்கிட்டவர். 1974ல முதல் இசைத்தட்டுக்கு இரவல் எம்பிராவுலதான் வாசிச்சார். அப்போ அங்க வெள்ளைக்கார ஆட்சி; பாதிரிமாருக்கு எம்பிரா பேய் வாத்தியம். அந்த நாட்டு ஷோனா இன மக்களோட 'பீரா' சடங்குல விடிய விடிய அதை வாசிப்பாங்க. வீட்டுல யாருக்காவது தீராத நோய்னா, மூதாதையர் ஒருத்தர்மேல இறங்கி வந்து காரணம் சொல்லணும். குடும்பமே முழிச்சிருக்கும். பாயில கண்ணை மூடிப் படுக்கிற சமாச்சாரம் இல்லை.

பையனுக்கு ஆன்லைன்ல ஒரு கலிம்பா வாங்கினேன். எம்பிராவோட பேரப்பிள்ளை மாதிரி. 17 தகடு, ஒவ்வொண்ணுலயும் நம்பர், சுருதி சேர்க்கக் குட்டிச் சுத்தியல். பெட்டியில 'ஸ்ட்ரெஸ் ரிலீஃப்'னு இருக்கு, ஆப்பிரிக்கான்னு ஒரு எழுத்து இல்லை. எம்பிராவுல சிப்பியோ சோடா மூடியோ கோர்த்து வேணும்னே ஒரு இரைச்சல் வர வைப்பாங்க. உயிரே அதுலதான். விளம்பரத்துல அதையும் வடிகட்டிட்டாங்க, புண்ணியவான்கள்.

"நீ என்ன ஜிம்பாப்வேக்காரனா?"ன்னு விளம்பரத்துக்குக் கீழே ஒருத்தர். இல்லை. அதனால?

"நாலு பேர் நிம்மதியாத் தூங்கினா உனக்கென்ன?" தாராளமாத் தூங்கட்டும். நான் கேட்டது பேரை. பேரைப் போட்டா தூக்கம் வராதா?

"இதுல அரசியலைக் கலக்காதீங்க"ன்னு ஒரு பெரியவர். ஐயா, கலந்தது நானா? எம்பிரா மெட்டை எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கொண்டுவந்து பாடின ஜிம்பாப்வே பாடகர் தாமஸ் மாப்ஃபூமோவை 1970களின் கடைசியில ரொடீசிய அரசு (ஜிம்பாப்வேயோட பழைய பேரு ரொடீசியா) பிடிச்சு உள்ள வச்சுது. தாலாட்டுக்கா பயந்தாங்க? சிவேஷே அந்தக் காலத்துல வாசிச்சதே ஒரு சண்டைதான்யா. அதை வாசனை மெழுகுவத்திக்குப் பக்கத்துல வச்சு விக்கிறீங்க, பேர்கூடப் போடாம.

என்னை பிளாக் பண்ணிட்டாங்க. 'நெகட்டிவ் எனர்ஜி'யாம். அதுக்குச் சிரிப்பு பொம்மை போட்டவங்கள்ல சிலர் என் வீட்டுல கைநனைச்சவங்க, அதுதான் உறுத்துது. போகட்டும். இங்கேயும் அதையே எழுத வர்றவங்க, முதல்ல ஹெட்போனை மாட்டி சிவேஷே வாசிச்சதை ஒரு பத்து நிமிஷம் கேட்டுட்டு எழுதுங்க. சோடா மூடிச் சத்தத்தோட.