குரோஷியாவின் விலையேற்றத்துக்கு யூரோ மட்டுமா காரணம்?

யூரோவுக்கு மாறியதால்தான் குரோஷியாவில் விலைவாசி ஏறியது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 2023 ஜனவரி 1 அன்று, ஒரு யூரோவுக்கு 7.5345 குனா (குரோஷியாவின் பழைய நாணயம்) என்ற விகிதத்தில் அந்நாடு மாறியபோது, உக்ரைன் போரின் விளைவாக எரிபொருளும் உணவும் ஐரோப்பா முழுவதும் ஏற்கெனவே விலையேறியிருந்தன. 2002இல் யூரோ புழக்கத்துக்கு வந்தபோதும், அம்மாற்றத்தால் மட்டும் நேர்ந்த உயர்வு ஏறத்தாழ 0.1 முதல் 0.3 சதவீதப் புள்ளி வரை என்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் மதிப்பிட்டது.

எனினும் சிறு தொகைகளில் மக்கள் படும் வேதனை உண்மையானது. 10 குனா காபி கணக்குப்படி 1.33 யூரோ; அதைக் கடைக்காரர் 1.50 என்று எழுதினால் 13 சதவீதம் ஏறிவிடுகிறது. மும்பை மாட்டுங்காவில் நான் அன்றாடம் காபி அருந்தும் கடையில், சில்லறை இல்லையென்று 18 ரூபாயை 20 ஆக்கியது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.